மாவுக்குள் போன தண்ணீர்

வீட்டில் கொஞ்சம் மைதா இருக்கிறது. உப்பு இருக்கிறது. ஃபிரிட்ஜின் அடித்தட்டில் பாதி முட்டைக்கோஸும் ஒரு கேரட்டும் கிடக்கின்றன. டம்ப்ளிங் செய்ய இதற்கு மேல் எதையும் வாங்கிவர வேண்டியதில்லை. மாவைப் பிசைந்து, வட்டமாகத் தேய்த்து, நடுவில் பூரணம் வைத்து, மூடி, வேகவைத்து எடுத்தால் முடிந்தது.

முதல் தடவை செய்தபோது நானும் இப்படித்தான் நினைத்தேன். கொதிக்கிற தண்ணீரில் இருபது டம்ப்ளிங்குகளைப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் ஏழெட்டு வாய் பிளந்துகொண்டன. சட்டி முழுக்க முட்டைக்கோஸ் துண்டுகள் மிதந்தன. முழுசாகத் தப்பித்த ஒன்றை எடுத்துக் கடித்தால் மேல்மாவு ரப்பர், உள்ளே பூரணம் வெறும் சக்கை. சாறெல்லாம் சட்டித் தண்ணீரில் கலந்துவிட்டிருந்தது. அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் இந்தப் பண்டத்தின் மேல் எனக்கு உண்மையான ஆர்வம் பிறந்தது. பொருள்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பிறகு எங்கே பிசகியது?

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தும், படித்தும் எனக்குக் கிடைத்த பதில் எளிமையானது. டம்ப்ளிங் செய்வது முழுக்க முழுக்கத் தண்ணீரைக் கையாளும் வேலை. மாவுக்குள் எவ்வளவு தண்ணீர் போக வேண்டும், எந்தச் சூட்டில் போக வேண்டும். பூரணத்திலிருந்து எந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், எதை உள்ளேயே பிடித்துவைக்க வேண்டும். கடைசியில், சூட்டைச் சுமந்துவரும் தண்ணீர் கொதிநீராக வர வேண்டுமா, ஆவியாக வர வேண்டுமா. இவை புரிந்துவிட்டால் சமையல் குறிப்பு இல்லாமலே, கையில் இருப்பதை வைத்துச் செய்யலாம்.

மாவிலிருந்து தொடங்குவோம்.

கோதுமை மாவில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் ஸ்டார்ச். புரதம் மைதாவில் 9 முதல் 12 சதவீதம்தான் இருக்கும். ஆனால் மேல்மாவு கிழியாமல் நிற்பது அந்தச் சிறு பங்கால்தான். அதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது, ஒரு முறையாவது செய்து பாருங்கள். 100 கிராம் மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு அந்த உருண்டையை ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்து மெல்லக் கசக்குங்கள். தண்ணீர் பால் போல வெளுக்கும். அந்த வெண்மை ஸ்டார்ச். தண்ணீரை மாற்றி மாற்றிக் கசக்கிக்கொண்டே இருந்தால் பத்து நிமிடத்தில் தெளிய ஆரம்பிக்கும். கடைசியில் கையில் மிஞ்சுவது மங்கிய மஞ்சள் நிறத்தில், மென்ற சூயிங்கம் போன்ற ஒரு பிண்டம். நிறுத்துப் பார்த்தால் 30 கிராம் அளவுக்கு இருக்கும், அதிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. இதுதான் குளூட்டன்.

இத்தாலியின் பொலோனா நகரில் யாக்கோபோ பார்த்தலோமியோ பெக்காரி என்ற அறிஞர் இதே வேலையைச் செய்தார். 1728-ல் அங்கிருந்த அறிவியல் கழகத்தில் அதை விளக்கினார், 1745-ல் அச்சில் வந்தது. தானியத்திலிருந்து கழுவி எடுத்த பொருள் விலங்குகளிடமிருந்து கிடைக்கும் பொருளைப் போல நடந்துகொண்டதுதான் அவரை வியக்கவைத்தது. புரதம் என்ற கருத்தே அப்போது உருவாகியிருக்கவில்லை. ஒரு பிடி மாவும் ஒரு பாத்திரம் தண்ணீரும் மட்டும் வைத்துக்கொண்டு அவர் போன தூரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நிறைகிறது.

உலர்ந்த மாவில் குளூட்டன் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. அங்கே இருப்பவை குளூட்டெனின், கிளையடின் என்ற இரண்டு வகைப் புரதங்கள். தண்ணீர் பட்டதும் அவை இளகி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகின்றன. இழுத்த பிறகு பழைய இடத்துக்குத் திரும்பும் பிடிவாதத்தைக் குளூட்டெனின் கொடுக்கிறது. இழுத்த இழுப்புக்கு வரும் தன்மையைக் கிளையடின் கொடுக்கிறது. பிசையும்போது நாம் செய்வது அந்த வலையை நீட்டி, மடித்து, மறுபடி நீட்டி ஒழுங்குபடுத்துவதுதான்.

அளவு என்று கேட்டால், 200 கிராம் மைதாவுக்கு 100 மில்லி தண்ணீர், இரண்டு கிராம் உப்பு. முதலில் இது போதாது போலத் தெரியும். மாவு உதிரியாக, விரிசல் விட்டபடி கிடக்கும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடலாமா என்று கை பரபரக்கும். அந்த இடத்தில் பொறுக்க வேண்டும். உருட்டி ஒன்றுசேர்த்து, மூடிவைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். அதே மாவு, ஒரு சொட்டுத் தண்ணீர் கூடச் சேர்க்காமல், வழவழப்பாகியிருக்கும். மாவுத் துகள்களின் வெளிப்புறத்தில் நின்ற தண்ணீர் மெல்ல உள்ளே இறங்க எடுத்துக்கொண்ட நேரம் அது. அப்புறம் ஐந்து நிமிடம் பிசைந்தால் போதும், இல்லாவிட்டால் பதினைந்து நிமிடம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பிசைந்த பிறகு மறுபடியும் அரை மணி நேரம் ஊற வேண்டும். இதற்குக் காரணம் வேறு. பிசைந்த உடனே குளூட்டன் வலை இழுத்துக் கட்டிய கயிறு போல விறைப்பாக இருக்கும். அப்போது தேய்த்தால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொள்ளும். சும்மா விட்டுவைத்தால் புரத இழைகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவி, இறுக்கம் தளர்கிறது. மாவின் மேல் ஈரத்துணியோ மூடியோ இருக்கட்டும், இல்லையென்றால் மேற்பரப்பு காய்ந்து பொருக்குத் தட்டிவிடும். ஊறிய மாவைத் தொட்டால் காது மடலைத் தொடுகிற மென்மை இருக்கும் என்பார்கள். தொட்டுப் பார்த்திருக்கிறேன், சரியான உவமைதான்.

உப்பு ருசிக்கு மட்டும் இல்லை. புரத இழைகளில் ஒரே வகை மின்னேற்றம் கொண்ட பகுதிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். உப்பின் அயனிகள் இடையில் புகுந்து அந்தத் தள்ளலைக் குறைக்கின்றன. இழைகள் நெருங்கி வருகின்றன, வலை இறுகுகிறது. மாவு எடையில் ஒரு சதவீத உப்பிலேயே வித்தியாசம் கையில் தெரியும்.

மைதா இல்லை, முழுக் கோதுமை மாவுதான் இருக்கிறது என்றால்? தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதில் இருக்கும் தவிட்டுத் துகள்கள் கூரானவை. வலையை அங்கங்கே அறுத்துவிடும். தண்ணீரையும் அதிகம் குடிக்கும். அதனால் 200 கிராமுக்கு 120 மில்லி அளவுக்குத் தண்ணீர் விட்டு, அதிக நேரம் ஊறவிட்டு, சற்றுத் தடிமனாகவே தேய்க்க வேண்டும். கண்ணாடி போல மெல்லியதாகத் தேய்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அரிசி மாவில் குளூட்டன் அறவே கிடையாது. அதை ஒன்றுசேர்க்க ஸ்டார்ச்சையே பசையாக்கியாக வேண்டும், அதற்குக் கொதிநீர் வேண்டும்.

கொதிநீர் என்றதும் அடுத்த விஷயம் வந்துவிடுகிறது. என் முதல் டம்ப்ளிங்குகளைச் சாப்பிட்டுப் பார்த்தபின் பல நாள் எனக்குப் புரியாமல் இருந்த விஷயமும் இதுதான்.

கோதுமை ஸ்டார்ச் குளிர்ந்த நீரில் அதிகம் எதுவும் செய்யாது. ஒவ்வொரு மணியும் இறுக்கமாகச் சுருட்டிய பொதி போல இருக்கும். மேலோட்டமாக நனையும், தன் எடையில் பாதிக்கும் குறைவான தண்ணீரையே ஏற்கும். ஆனால் சூடு 60 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்ததும் அந்தப் பொதி அவிழ்கிறது. மணிகள் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி உப்பி, பசையாகின்றன. மாவைக் கொதிநீரில் பிசையும்போது இதில் ஒரு பகுதி பாத்திரத்திலேயே நடந்துவிடுகிறது. கூடவே அந்தச் சூட்டில் புரதங்களும் உருக்குலைகின்றன, அதனால் வலை அவ்வளவு வலுவாகக் கட்டிக்கொள்வதில்லை. கிடைக்கும் மாவு மிருதுவானது, அதிகத் தண்ணீரைத் தாங்குவது, தேய்த்தால் தேய்த்த இடத்திலேயே நிற்பது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். 28 டிகிரியில் இருக்கும் 200 கிராம் மாவில், 95 டிகிரியில் இருக்கும் 120 மில்லி தண்ணீரை ஊற்றினால் கலவையின் சூடு 67 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஸ்டார்ச் பசையாக அது போதும். அதே தண்ணீர் 80 டிகிரியில் இருந்தால் கலவை 58 டிகிரியோடு நின்றுவிடும். கொதித்த தண்ணீரை இறக்கிவைத்துவிட்டு, போன் பேசிவிட்டு வந்து ஊற்றினால் மாவு ஏன் பிசுபிசுவென்று, இரண்டும் கெட்டானாக வருகிறது என்பதற்கு இதுதான் காரணம். கொதித்ததும் ஊற்ற வேண்டும், கரண்டியால் கிளற வேண்டும், கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் பிசைய வேண்டும்.

எதற்கு எந்த மாவு என்பதும் இதிலிருந்தே தெளிவாகிறது. கொதிநீருக்குள் போடப்போகும் டம்ப்ளிங்குக்குக் குளிர்ந்த நீரில் பிசைந்த மாவு பொருந்தும். கொதிப்பின் உதைகளைத் தாங்க வலுவான வலை வேண்டும், ஸ்டார்ச் வேகத் தேவையான தண்ணீர் வெளியிலேயே தாராளமாக இருக்கிறது. ஆவியில் வேகவைப்பதற்குக் கொதிநீரில் பிசைந்த மாவுதான் நல்லது. ஆவி சூட்டை நிறையக் கொடுக்கும், தண்ணீரைக் கொஞ்சமாகத்தான் கொடுக்கும். ஸ்டார்ச்சுக்கு வேண்டிய தண்ணீரை மாவு முன்கூட்டியே தனக்குள் கொண்டுபோக வேண்டும். குளிர்ந்த நீரில் பிசைந்த மாவை ஆவியில் வைத்தால் ஸ்டார்ச்சுக்குத் தண்ணீர் போதாமல் தோல் வறண்டு இறுகிவிடுகிறது.

பூரணம்

முட்டைக்கோஸின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். காளானும் அப்படித்தான். பச்சையாக நறுக்கி உள்ளே வைத்தால் செல்கள் சூட்டில் உடைந்து அத்தனை தண்ணீரையும் மேல்மாவுக்குள்ளேயே கொட்டும். உள்ளிருந்து நனைந்த தோல் கிழிவதில் ஆச்சரியமில்லை. என் சட்டியில் நடந்தது அதுதான்.

தீர்வு உப்பு. 300 கிராம் முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டுப் பிசறி இருபது நிமிடம் வையுங்கள். செல்லுக்கு வெளியே உப்பின் செறிவு கூடியதும் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் சவ்வைத் தாண்டி வெளியே வருகிறது. சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். பிறகு ஒரு மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்தால் கால் கப்புக்கும் மேல் தண்ணீர் வடியும். கைப்பிடியளவு சுருங்கிய முட்டைக்கோஸ் இப்போது வெட்டென்று ஒடியாமல் வளைந்து கொடுக்கும். பூரணத்துக்கு மறுபடி உப்புப் போடுவதற்கு முன் கொஞ்சம் வாயில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. கேரட்டுக்கு இந்தப் பாடு வேண்டாம், துருவி லேசாக வதக்கினால் போதும். காளானை நன்றாக வதக்கித் தண்ணீரைச் சுண்டவிட வேண்டும்.

கொத்துக்கறிக்கு நேர் எதிரான வைத்தியம். அங்கே தண்ணீரை உள்ளே ஏற்ற வேண்டும். இறைச்சியின் தசையில் மையோசின் என்ற புரதம் இருக்கிறது. தூய தண்ணீரில் அது கரையாது, உப்புத் தண்ணீரில் கரையும். 300 கிராம் கொத்துக்கறியில் நாலைந்து கிராம் உப்பைப் போட்டு வேகமாகக் கிளறினால் கொஞ்ச நேரத்தில் உதிரியாக இருந்த கறி பசை போல ஒன்றுசேர்ந்து, கிண்ணத்தின் சுவரில் இழைவிட்டு ஒட்டும். கரைந்துவந்த மையோசின் அது. இப்போது குளிர்ந்த நீரை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்துக் கிளறினால் 50, 60 மில்லிவரை அந்தப் பசை குடித்துவிடும். வேகும்போது மையோசின் வலையாக உறைந்து அந்த நீரைப் பிடித்துக்கொள்கிறது. கடிக்கும்போது சாறாக நமக்குக் கிடைப்பது நாம் ஊற்றிய அந்தத் தண்ணீரும், கறியின் சாறும், உருகிய கொழுப்பும். ஒரே திசையில்தான் கிளற வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். திசையை விட, கறி குளிர்ச்சியாக இருப்பதும் இழை கட்டும்வரை விடாமல் கிளறுவதும்தான் முக்கியம் என்பது என் அனுபவம். கறி சூடேறினால் கொழுப்பு இளகி, பசை பிடிக்காமல் வழுக்கும்.

கறியும் இல்லை, காய்ச் சாறும் வேண்டும் என்றால் பிழிந்த தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு தேக்கரண்டி சோள மாவோடு (கார்ன்ஃப்ளோர்) கலந்து பூரணத்தில் திரும்பச் சேர்க்கலாம். வேகும்போது அது கெட்டியாகி, சாற்றை ஓடவிடாமல் நிறுத்தும். மசித்த உருளைக்கிழங்கும் அதே வேலையைச் செய்யும், அதன் ஸ்டார்ச் ஏற்கெனவே வெந்து தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால்.

கடித்தால் உள்ளே சூப் ஊற்றெடுக்கும் வகை ஒன்று இருக்கிறது. திரவத்தை எப்படி மாவுக்குள் வைத்து மூட முடியும்? மூடும்போது அது திரவமே இல்லை. எலும்பையும் தோலையும் நெடுநேரம் கொதிக்கவைத்த சாற்றில் ஜெலட்டின் இறங்கியிருக்கும். அது ஃபிரிட்ஜில் கட்டியாக உறையும். அதைப் பொடியாக வெட்டிப் பூரணத்தில் கலந்துவிடுகிறார்கள். உடல் சூட்டுக்கும் கீழேயே, 30 முதல் 35 டிகிரிக்குள், ஜெலட்டின் உருகிவிடும் என்பதால் வெந்து முடிந்ததும் உள்ளே சூப். அசைவம் வேண்டாதவர்கள் காய்கறிச் சாற்றைக் கடற்பாசியால் (அகர் அகர்) உறையவைக்கலாம். கடற்பாசிக் கட்டி உருக 85 டிகிரி வேண்டும், ஆனால் ஒருமுறை உருகிவிட்டால் 40 டிகிரிக்கு இறங்கும்வரை திரவமாகவே இருக்கும். சுடச்சுடச் சாப்பிட்டால் வித்தியாசம் தெரியாது.

தேய்ப்பதும் மூடுவதும்

300 கிராம் மாவு உருண்டையிலிருந்து 25 முதல் 30 மேல்மாவுகள் வரும். வட்டத்தின் விளிம்பு மெல்லியதாகவும் நடு சற்றுத் தடிமனாகவும் இருக்க வேண்டும். பூரணத்தின் பாரம் நடுவில் விழுகிறது. விளிம்போ மடிப்பு வைக்கும்போது இரண்டு, மூன்று அடுக்காகிறது. ஒரே தடிமனில் தேய்த்தால் அடி கிழியும், நுனி வேகாமல் மாவாக நிற்கும். இடது கையால் வட்டத்தைச் சுற்றிக்கொண்டே வலது கையால் சப்பாத்திக் கட்டையை விளிம்பிலிருந்து பாதிவரை மட்டும் உருட்டித் திரும்பினால் இந்த வடிவம் தானாக வரும்.

விளிம்புகள் ஒட்டுவது, ஈரமான மாவு ஈரமான மாவைத் தொடுவதால். இரண்டு பக்கமும் இருக்கும் புரத இழைகளும் ஸ்டார்ச்சும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. இடையில் உலர்ந்த மாவுத் தூள் இருந்தால் சேராது, அதனால் ஒரு விரலைத் தண்ணீரில் தொட்டு விளிம்பில் தடவுகிறோம். எண்ணெய்ப் பசை இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. பூரணத்தின் ஒரு துணுக்கு விளிம்பில் பட்டிருந்தால் அந்த இடம்தான் முதலில் திறக்கும். கொசுவம் வைப்பது போல மடித்து மடித்து மூடுவது அழகுக்காக மட்டும் இல்லை. ஒரு பக்கத்தை மடித்துச் சுருக்கினால் தட்டையான வட்டம் குழிந்து சொப்பு போலாகிறது, பூரணத்துக்கு இடம் கிடைக்கிறது. மடிக்க வராதவர்கள் அரைவட்டமாக அழுத்தி மூடினாலும் குறை ஒன்றும் இல்லை.

மூடும்போது உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனெனில் டம்ப்ளிங் ஏன் மிதக்கிறது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

பச்சை டம்ப்ளிங் தண்ணீரை விடச் சற்று அடர்த்தியானது, போட்டதும் அடியில் போய் உட்காரும். வேக வேக எழுந்து மிதக்கும். பூரணத்தின் இடுக்குகளில் எப்படியும் கொஞ்சம் காற்று இருக்கும். சூட்டில் காற்று விரிகிறது என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. அறைச் சூட்டிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் காற்று மட்டும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் விரியும். பெரிய வேலையைச் செய்வது தண்ணீர். காற்றுக் குமிழியைச் சுற்றி ஈரம் இருப்பதால் நீராவி அதற்குள் புகுகிறது. 90 டிகிரியில் அந்த ஆவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஏழு பங்கு. மிச்சம் பத்தில் மூன்று பங்கு அழுத்தத்தைக் காற்று கொடுத்தால் போதும் என்பதால் குமிழி அந்த அளவுக்கு விரிந்துகொள்கிறது. கணக்குப் போட்டால் ஒரு மில்லி காற்று 80 டிகிரியில் இரண்டு மில்லிக்கு மேல், 90 டிகிரியில் ஏறக்குறைய நாலு மில்லி. 25 கிராம் டம்ப்ளிங்கைத் தூக்கிவிட இது தாராளம். ஆனால் மூடும்போது பெரிய காற்றுப் பையே உள்ளே மாட்டியிருந்தால் அதுவும் நாலு மடங்காகும். அப்போது மேல்மாவு பலூன் போல உப்பி, பலவீனமான இடத்தில் பிளக்கும்.

மிதந்துவிட்டால் வெந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. தோலை ஒட்டிய காற்று முதலில் சூடாகும், நடுப் பூரணம் பின்தங்கியிருக்கும். காய்ப் பூரணமென்றால் பரவாயில்லை. கறி என்றால் மிதந்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் பயமில்லை. சந்தேகம் வந்தால் ஒன்றை எடுத்து வெட்டிப் பார்ப்பது எல்லாக் கணக்கையும் விட நம்பகமானது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். சூடு நடுவை எட்டும் நேரம் அளவின் இருமடியைப் பொறுத்தது. ஒன்றை இரண்டு மடங்கு தடிமனாகச் செய்தால் இரண்டு மடங்கு நேரம் போதாது, நாலு மடங்கு வேண்டும். அதற்குள் தோல் குழைந்து கூழாகிவிடும். சின்னச் சின்னதாகச் செய்வதில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

தண்ணீரில் வேகவைக்கும்போது பெரிய பாத்திரமும் நிறையத் தண்ணீரும் வேண்டும். இருபதைச் சின்னச் சட்டியில் போட்டால் தண்ணீர் ஆறிவிடும், ஆறிய தண்ணீரில் மேற்பரப்பு ஸ்டார்ச் பசையாகி ஒன்றோடொன்று ஒட்டும். முதல் நிமிடத்தில் கரண்டியின் முதுகால் மெல்ல நகர்த்திக்கொடுங்கள். கொதி தளதளவென்று மிஞ்சினால் அரை கப் பச்சைத் தண்ணீரை ஊற்றலாம். தோலை உதைக்கும் கொதிப்பு அடங்கும், நடுப் பூரணம் வேகக் கூடுதல் அவகாசம் கிடைக்கும். தண்ணீரில் உப்புப் போட்டால் கொதிநிலை ஏறி வேகமாக வேகும் என்பது வெறும் நம்பிக்கை. ஒரு லிட்டருக்கு 10 கிராம் போட்டாலும் ஏறுவது 0.2 டிகிரிக்கும் குறைவு.

ஆவியில் வேகவைப்பது வேறு வகை. ஒரு கிராம் ஆவி டம்ப்ளிங்கின் மேல் பட்டுத் தண்ணீராகும்போது ஏறக்குறைய 2,260 ஜூல் வெப்பத்தைக் கொட்டுகிறது. அதே ஒரு கிராம் கொதிநீர் 100 டிகிரியிலிருந்து 40-க்கு ஆறினாலும் கொடுப்பது 250 ஜூல்தான். ஆவிப் பாத்திரத்தைத் திறக்கும்போது கை சுடுவதும் இதே ஒன்பது மடங்கால்தான், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மூடியின் உட்புறம் குளிரும் ஆவி சொட்டாக விழுந்து தோலைக் குழைத்துவிடும் என்பதால் மூடியில் துணி கட்டுவது நல்லது. தட்டில் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவலாம், முட்டைக்கோஸ் இலையை விரிக்கலாம். வெந்ததைக் கவனித்துப் பார்த்தால் வெள்ளையாக இருந்த தோல் லேசாக ஒளி ஊடுருவும்படி ஆகியிருக்கும். பச்சை ஸ்டார்ச் மணிகள் ஒளியைச் சிதறடித்துக்கொண்டிருந்தன. உப்பிப் பசையானதும் சிதறல் குறைகிறது. உள்ளே இருக்கும் கேரட்டின் நிறம் மங்கலாகத் தெரியும் அந்தக் கணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

வாணலியில் செய்வது இரண்டும் கலந்த வித்தை. எண்ணெயில் அடிப்பக்கத்தை லேசாகப் பொன்னிறமாக்கி, கால் கப் தண்ணீர் ஊற்றி உடனே மூட வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை அடிப்பக்கத்தின் சூடு 100 டிகிரியை அதிகம் தாண்டாது, எல்லா வெப்பமும் ஆவியாக்கவே செலவாகும். அந்த ஆவியில் மேல்பக்கம் வேகும். தண்ணீர் தீர்ந்த நொடியைக் காது சொல்லிவிடும். களகளவென்ற கொதிச்சத்தம் மெல்ல ஓய்ந்து, சுர்ரென்ற வறுபடும் சத்தமாக மாறும். அதன் பிறகு அடி 140 டிகிரியைத் தாண்டி ஏற, புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் வாசனையும் பிறக்கின்றன. லூயி காமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-ல் விவரித்ததால் அந்த வினை அவர் பெயரிலேயே வழங்குகிறது. சத்தம் மாறியதும் மூடியை எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். அவசரப்பட்டுக் கிளப்பினால் தோல் வாணலியோடு போய்விடும். நன்றாக முறுகியதும் தானே விட்டுக்கொடுக்கும்.

மிஞ்சியதை வைத்துக்கொள்ள

வேகவைக்காத டம்ப்ளிங்கை ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தால் பூரணத்தின் ஈரம் தோலுக்குள் ஊறி, அடி தட்டோடு ஒட்டிக்கொள்ளும். உறையவைப்பதுதான் சரி. உறைந்த தண்ணீர் நகராது. ஒரு தட்டில் மாவு தூவி, ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, ஃப்ரீசரில் கல்லாகும்வரை வைத்துவிட்டு, பிறகு ஒரு பைக்கு மாற்றி இறுக மூடுங்கள். தண்ணீர் பனியாகும்போது 9 சதவீதம் விரியும் என்பதால் பூரணத்தைத் திணித்து வைத்தவை விரிசல் விடும். சமைக்கும்போது உறைந்தபடியே கொதிநீரில் போட வேண்டும். வெளியே எடுத்து வைத்து இளகவிட்டால் உருகும் நீர் முழுவதும் தோலில்தான் இறங்கும்.

தண்ணீரை நிறுத்திவைக்க இன்னொரு வழி அதை அறவே நீக்கிவிடுவது. சீனாவின் வடமேற்கில் துர்ஃபான் பகுதியில் உள்ள அஸ்தானா கல்லறைகளில் தாங் அரச காலத்து டம்ப்ளிங்குகள் கிடைத்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பிறை போன்ற வடிவம் கலையவில்லை. அந்தப் பாலைநிலத்தின் வறட்சி மாவிலிருந்த ஈரத்தையெல்லாம் எடுத்துவிட்டதால் அவற்றைக் கெடுக்க எந்த நுண்ணுயிரும் பிழைக்க முடியவில்லை. படத்தில் பார்த்தாலே, விளிம்பை விரலால் அழுத்தி மூடியிருப்பது புரியும். நாம் மூடுவதும் அப்படித்தான்.

வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். மூன்று நான்கு ஈடு எடுத்த பிறகு அது கலங்கி, லேசாகக் கெட்டியாகியிருக்கும், தோல்களிலிருந்து கரைந்த ஸ்டார்ச்சால். தேய்க்கும்போது மிஞ்சிய மாவு ஓரங்களைப் பட்டையாக நறுக்கி அதிலேயே போட்டு, இரண்டு பூண்டுப் பல்லைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டால் குடிக்க ஒரு சூடான கிண்ணம் கிடைக்கும். டம்ப்ளிங் ஆறுவதற்குள் அதையும் ஊற்றி வைத்துவிடலாம்.